தலையணைக்கு அடியில் ஒரு கயிறு

பள்ளி வாசலில் இருந்த சுவரொட்டியில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது: 'சாரணர் படையில் சேர வாருங்கள்! பயம் என்றால் என்னவென்றே தெரியாதவர்கள் நாங்கள்!'

எழுதியவன் படைத் தலைவன் மேஜர். அதற்குப் பசை தடவி ஒட்டியவள் குண்டூசி. ஒட்டி முடித்ததும் இரண்டாவது வரியை மறுபடி படித்தாள். பயம் என்றால் என்னவென்று அவளுக்கு நன்றாகவே தெரியும். இருட்டைக் கண்டால் குலை நடுங்கும்.

ஒல்லி உடம்பும் உருண்டைத் தலையுமாக இருப்பதால் அவள் குண்டூசி. முகாமில் தூங்கும்போதுகூட விறைப்பாகப் படுத்துக் கிடந்தான் என்பதால் அவன் மேஜர்.

வீட்டில் குண்டூசியும் அவள் அக்காவும் ஒரே அறையில்தான் படுப்பார்கள். வெளிச்சம் இருந்தால் அக்காவுக்குத் தூக்கம் வராது. விளக்கை அணைத்ததும் குண்டூசியின் கை தலையணைக்கு அடியில் போகும். அங்கே ஒரு முழக் கயிறு இருக்கும். இருட்டிலேயே அதில் முடிச்சுப் போடுவாள், அவிழ்ப்பாள், மறுபடி போடுவாள். நெஞ்சு படபடப்பு அடங்கித் தூக்கம் வரும்வரை இதுதான் வேலை. இந்த ரகசியம் அவளுக்கும் தலையணைக்கும் மட்டுமே தெரியும்.

இன்று சாயங்காலம்தான் ஆள் சேர்ப்புக் கூட்டம். தலைமையாசிரியை காலையிலேயே கறாராகச் சொல்லிவிட்டார்.

"பெரிய பசங்கள்ளாம் படிச்சு முடிச்சுப் போயிட்டாங்க. புதுசா எட்டுப் பேராவது சேரணும். இல்லேன்னா படையைக் கலைச்சிட வேண்டியதுதான். உங்க அறையில உடைஞ்ச நாற்காலியைப் போட்டு வைப்பேன்."

உடைந்த நாற்காலி! வகுப்பில் எந்த விளையாட்டிலும் குண்டூசியைக் கடைசியாகத்தான் சேர்ப்பார்கள். சாரணர் அறையில் மட்டும்தான், "முடிச்சு விழுந்துடுச்சா? குண்டூசியைக் கூப்பிடு!" என்று தேடி வருவார்கள்.

"கவலையை விடு. நம்ம கயிற்றுப் பாதையைப் பார்த்தா ஊரே வரிசையில நிக்கும்" என்றான் மேஜர்.

கயிற்றுப் பாதை அவன் யோசனை. பள்ளியின் பின்பக்கத்து நீள அறையில் ஜன்னலுக்கெல்லாம் கம்பளி கட்டி இருட்டாக்கினார்கள். மணல் நிரப்பிய தகர டப்பாக்களில் கம்புகளை நட்டு, இந்தக் கதவிலிருந்து அந்தக் கதவுவரை வளைந்து வளைந்து கயிறு கட்டினார்கள். புதிதாக வருபவர்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இருட்டில் நடந்து மறுபக்கம் வர வேண்டும். நடுவில் வெள்ளைப் போர்வை போர்த்திய பேய் ஒன்று நிற்கும். அது மேஜர்.

யாரும் சுவிட்சைப் போட்டுக் காரியத்தைக் கெடுக்கக் கூடாது என்று பல்புகளையும் கழற்றிவிட்டான். டார்ச்சை முகவாய்க்குக் கீழே பிடித்துப் பேய் முகம் பழகியே அதன் பேட்டரியைத் தீர்த்துவிட்டான்.

"எல்லாரும் ஒரு தடவை நடந்து பாருங்க" என்றான் மேஜர். நெட்டைப் பையன்கள் எல்லாரும் நடந்தார்கள். "குண்டூசி, நீ?"

"நான்... நான் மேசையைத் துடைக்கணும்" என்று நழுவினாள் குண்டூசி. அந்த மேசையை அவள் ஏற்கெனவே இரண்டு தடவை துடைத்திருந்தாள்.

மாலையில் பெற்றோரும் பிள்ளைகளும் வந்தார்கள். சாரணர் மாஸ்டர் மைதானத்தில் கூடாரம் அடித்துக் காட்டிக்கொண்டிருந்தார். கயிற்றுப் பாதைக்கு முதல் ஆளாக ஓடி வந்தது முன்பல் இரண்டும் விழுந்த ஒரு பொடியன். பின்னாலேயே அவன் அம்மா, மருத்துவமனைச் சீருடையைக்கூட மாற்றாமல் மூச்சு வாங்க வந்தார்.

"டேய் பொக்கை, நில்லுடா!"

பொக்கை நிற்கவில்லை. கதவுக் கைப்பிடியில் கட்டியிருந்த கயிற்றைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனான்.

கொஞ்ச நேரம் காலடிச் சத்தம் கேட்டது. பிறகு, "அம்மாஆஆ!" என்று ஓர் அலறல்.

"வெளிய வா! பயப்படாதே!" என்று உள்ளிருந்து மேஜர் அதட்டும் குரல் கேட்டது. அலறல் இரண்டு மடங்கானது. வரிசையில் நின்ற பிள்ளைகள் அம்மாக்களின் முந்தானைக்குள் முகத்தைப் புதைத்தார்கள். "இதென்ன கூத்து? வா, வீட்டுக்குப் போகலாம்" என்று ஒருவர் தன் மகளை இழுத்தார்.

பொக்கையின் அம்மா பாய்ந்து வந்தார். குண்டூசி குறுக்கே நின்றாள்.

"நீங்க போகாதீங்கம்மா. உள்ள கம்பும் டப்பாவுமா இருக்கு, தடுக்கி விழுந்துடுவீங்க. நான் கூட்டிட்டு வரேன்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கு உறைத்தது.

உள்ளே மை இருட்டு. திரும்பி ஓடிவிடலாமா? கைக்குக் கயிறு தட்டுப்பட்டது. இறுகப் பிடித்தாள். ஓர் அடி. இன்னோர் அடி. முதுகில் யாரோ ஊதுவது போலிருந்தது. யாரும் இல்லை, யாரும் இல்லை என்று முணுமுணுத்துக்கொண்டே நடந்தாள். போகப் போகக் கயிறு உயர்ந்துகொண்டே போனது. கையைத் தலைக்கு மேல் தூக்க வேண்டியிருந்தது.

காலடியில் ஒரு விசும்பல். குண்டூசி குனிந்து தடவினாள். ஒரு சின்னக் கை அவள் கையை அட்டை போலக் கவ்விக்கொண்டது.

"ஏன்டா கயிற்றை விட்டே?"

"நான் விடல. அது மேல மேல போயிடுச்சு. எனக்கு எட்டல."

குண்டூசிக்குச் சுருக்கென்றது. கதவுக் கைப்பிடியில் மட்டும்தான் கயிறு தாழ்வாக இருந்தது; எல்லாக் கம்பிலும் மேஜரின் தோள் உயரத்துக்குக் கட்டியிருந்தார்கள். படையிலேயே குட்டையானவள் அவள். அவள் நடந்து பார்த்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும்.

"அக்கா, உங்க கை ஏன் இப்படி நடுங்குது?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "எனக்கு இருட்டுன்னா பயம்டா."

"பெரியவங்களுக்குமா?"

"ம். ராத்திரி தலையணைக்கு அடியில ஒரு கயிறு வெச்சிருப்பேன். பயம் வந்தா முடிச்சுப் போட்டுக்கிட்டே இருப்பேன்."

பொக்கை யோசித்தான். அழுகை நின்றிருந்தது. "இப்பவும் போடுங்களேன்."

அட! குண்டூசி கம்பைத் தடவினாள். முடிச்சைத் தொட்டதும் விரல்களுக்கு வேலை தெரிந்துவிட்டது. கண் எதற்கு? தளர்த்தினாள், கீழே இறக்கினாள்.

"எவ்வளவு உயரம் வேணும்?"

"என் தொப்புளுக்கு நேரா!"

இறுக்கினாள். அடுத்த கம்பு. அதற்கடுத்த கம்பு. பொக்கை முன்னால் தடவிப் போய், "இங்க ஒண்ணு இருக்குக்கா!" என்று கூவினான். கையில் ஏதோ துணி பட, திடீரென்று நின்றான்.

"அக்கா, பேய்!"

"அது மேஜர்டா. போர்வை போத்திருக்கான். மேஜர், ஏன் அங்கேயே நிக்கிறே? வா."

பேய் கயிற்றை இறுகப் பிடித்துக்கொண்டு அவர்கள் பின்னாலேயே வந்தது.

மறுபக்கக் கதவு திறந்ததும் எல்லாரும் ஓடி வந்தார்கள். அம்மா அணைக்க வருவதற்குள் பொக்கை நெஞ்சை நிமிர்த்தி அறிவித்தான்:

"இந்த அக்காவுக்கு இருட்டுன்னா பயம்! நான்தான் கூட்டிட்டு வந்தேன்!"

குண்டூசிக்குப் பூமி பிளந்து தன்னை விழுங்கிவிடாதா என்றிருந்தது. எல்லார் கண்களும் அவள்மேல். யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

வீட்டுக்கு இழுக்கப்பட்ட சிறுமி மட்டும் சிரிக்கவில்லை. அப்பாவின் கையை உதறிவிட்டு முன்னால் வந்தாள்.

"பயப்படுறவங்களும் இதுல சேரலாமா?"

குண்டூசி அவள் உயரத்துக்குக் குனிந்தாள். "நானே இருக்கேனே" என்றாள்.

"அப்ப கயிறு எங்க இருக்குன்னு காட்டுங்க."

"என் தொப்புளுக்கு நேரா இருக்கு!" என்றான் பொக்கை. அவள் கையைக் கயிற்றில் வைத்துவிட்டு, "உள்ள ஒண்ணுமில்ல, நான் பார்த்துட்டேன்" என்று பெரிய மனிதன்போல் அனுப்பி வைத்தான்.

அவள் மறுபக்கம் சிரித்துக்கொண்டே வந்ததும் வரிசை மறுபடி நீண்டது. பெயர் எழுத வைத்த தாள் போதாமல் மாஸ்டர் பின்பக்கத்திலும் எழுதினார். எட்டிப் பார்த்த தலைமையாசிரியை, "சரி, நாற்காலிக்கு வேற இடம் பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எல்லாரும் போன பிறகு குண்டூசி சுவரொட்டியின் இரண்டாவது வரியின் மேல் வெள்ளைத் தாளை ஒட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மேஜர் வந்து நின்றான். கையில் சுருட்டிய போர்வை இருந்தது. அந்தப் பக்கம் பார்த்தான், இந்தப் பக்கம் பார்த்தான்.

"குண்டூசி, மிச்சக் கயிறு ஏதாவது இருக்கா?"

"இருக்கே. எவ்வளவு நீளம் வேணும்?"

மேஜர் தரையைப் பார்த்தபடி சொன்னான்: "தலையணைக்கு அடியில வைக்கிற அளவுக்கு."