தண்ணி கேட்ட கால்

காலையில் காய்ந்த பருத்திமார்ச் செடி பிடுங்கப் போகும்போது இல்லாத ஒரு கோடு, மத்தியானம் காலில் அப்பியிருந்த கரிசல் மண்ணைச் சொர்ணத்தாய் தேய்த்து உதிர்த்தபோது இருந்தது. வலது கணுக்காலுக்கு மேல், தோலுக்கு அடியில், நூலைச் சுருட்டிப் போட்டதுபோல மூன்று வளைவு. நரம்பாக இருக்கும் என்று நினைத்து விரலால் அமுக்கினாள். அது மெல்ல விரலை விட்டு விலகி, அந்தப் பக்கமாய்ப் போய்ப் படுத்துக்கொண்டது.

எழுபத்தேழாம் வருஷத்துக் கோடை அது. கழுகுமலை ரோட்டிலிருந்து இரண்டு மைல் உள்ளே தள்ளியிருந்த அந்த ஊரில் ஊருணி பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. மிச்சம் படிக்கிணறு ஒன்றுதான். நாற்பது படி இறங்கி, தண்ணீருக்குள் நின்றுதான் குடத்தை முக்க வேண்டும்.

மூன்றாம் நாள் அந்த இடத்தில் கொப்புளம் எழும்பியது. தீக்கங்கை வைத்து அழுத்துகிற எரிச்சல். புருஷன் வன்னியபெருமாள் கோவில்பட்டிக்குப் போய், சுகாதார ஆபீசில் வேலை பார்க்கும் சண்முகராஜைக் கையோடு கூட்டிவந்தான். ஈரத் துணியால் ஒற்றி அவர் கொப்புளத்தை உடைத்ததும், சேமியா கனத்தில் வெள்ளையாக ஒரு நுனி வெளியே எட்டிப் பார்த்தது.

"நரம்புச் சிலந்திங்கிற புழும்மா. போன வருஷம் குடிச்ச தண்ணியோட உள்ள போயிருக்கு. ஒரு வருஷமா ஒங்க ஒடம்புக்குள்ளதான் வளந்திருக்கு."

நுனியைத் தீக்குச்சியில் சுற்றிக் கட்டுப் போட்டார்.

"தெனம் ஒரு சுத்து. வெடுக்குன்னு இழுத்திராதீய, அறுந்தா காலு சீப் பிடிச்சிரும். என்ன எரிஞ்சாலும் கிணத்துல மட்டும் காலை வைக்கப்படாது. தண்ணி பட்டா லட்சக்கணக்குல குஞ்சு விடும். கண்ணுக்குத் தெரியாத தண்ணிப்பூச்சி அதைத் தின்னும். அந்தப் பூச்சியை ஊரே குடிக்கும்."

"சத்தியமா வைக்க மாட்டேன் சார்," என்றாள். மனசறிந்துதான் சொன்னாள்.

ஒரு வாரத்தில் குச்சியில் ஒரு சாண் சேர்ந்தது. எல்லாரும் காட்டுக்குப் போய்விட, ஓட்டு இடுக்கு வழியாக வெயில் கோடு கோடாக இறங்கும் மத்தியானங்களில், புண்ணின் புளித்த வாடைக்கும் வேப்பெண்ணெய் வாடைக்கும் நடுவில் நார்க்கட்டிலில் தனியே கிடந்தவளுக்கு, அடுக்களைப் பானையில் கசியும் சொட்டுச் சத்தம் மட்டுமே துணை. ஒவ்வொரு சொட்டுக்கும் தோலுக்கடியில் அது ஒரு தடவை சுருங்கி விரிவதைப் பார்த்துக்கொண்டே கிடந்தாள். அதுக்குக் காது உண்டா? சுற்றும்போது சில நேரம் இளகிக் கொடுத்தது. சில நேரம், உள்ளே யாரோ பிடித்துக்கொண்டதுபோலத் திரும்ப இழுத்தது.

பத்தாம் நாள் தண்ணீர் கொண்டுவர வேண்டிய ஓரகத்தி ஆவுடைத்தாயைக் காணோம். பானை வறண்டது. தேடிப் புறப்பட்டாள்.

உச்சி வெயில். தெருவில் ஈ காக்கை இல்லை. நொண்டி நொண்டிக் கிணற்றடிக்கு வந்தாள். மேலே வரிசையாகக் குடங்கள். எல்லாம் காலி. கீழே சத்தமே இல்லை.

சுவரைப் பிடித்து இறங்கினாள். பத்துப் படி. இருபது. பாசி வாடை. குளிர்ச்சி பட்டதும் எரிச்சல் இரண்டு மடங்கானது.

அடியில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நெருக்கியடித்து, சேலையை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு. எல்லார் காலும் தண்ணீருக்குள். ஒருத்தியும் நிமிரவில்லை.

நடுவில் ஆவுடைத்தாய்.

"ஏட்டி, ஒனக்குமா? சொல்லவே இல்லியே!"

"சொன்னா வீட்டுக்குள்ள பூட்டிப் போட்டிருவாவ." அவள் கண்ணைத் திறக்கவில்லை. "எறங்குக்கா. எரிச்சல் அத்துப்போவுது."

"ஊரே குடிக்கிற தண்ணிடீ! எந்திரிங்க எல்லாரும்!"

அவள் குரல்தான் சுவரில் மோதித் திரும்பியது.

ஏறிவிட நினைத்து இடது காலை மேல் படியில் வைத்தாள். வலது கால் வரவில்லை. கீழ்ப் படிக்குப் போனது. அதற்கும் அடுத்த படிக்கு.

தண்ணீர்.

எரிச்சல் நின்றது. அழுகை வந்தது. படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவள் காலிலிருந்து வெள்ளையாக ஒன்று கிளம்பி, பால் கரைவதுபோலச் சுருள் சுருளாக விரிந்தது. பக்கத்துக் காலிலிருந்தும். எதிர்ப் பக்கத்திலிருந்தும். கிணறே வெளுத்தது.

அப்போது எல்லாரும் குனிந்தார்கள். ஒரே சமயத்தில். கை குவித்து அள்ளினார்கள். குடித்தார்கள்.

சொர்ணத்தாய் பல்லைக் கடித்து வாயை இறுக மூடிக்கொண்டாள். அவளுடைய இரண்டு கைகளும் தண்ணீரில் முங்கி, குவிந்து, வெள்ளை வழிய வழிய, அவள் உதட்டை நோக்கி மேலே வந்துகொண்டிருந்தன.