அறுநூற்றுப் பத்தாம் வாசல்

மீன்குழம்புச் சோற்றை வாயில் வைத்தபடியே டிக்சன் தூங்கிப்போனார். மத்தியானம் பன்னிரண்டு அடித்து ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. முகத்தில் சிரிப்பு, உதட்டில் லேசான நீலம். அவர் மனைவி ரோஸ்லின் நெஞ்சில் கைவைத்துப் பார்த்தாள், அது அசையவில்லை.

கடலடித் தூத்துக்குடியில் குழாய் பழுதுபார்க்கப் போன இடத்தில் டிக்சனுக்கு மூச்சு நரம்பு அறுந்து மூன்று வருடம் ஆகிறது. அன்றிலிருந்து அவர் கழுத்திலுள்ள உயிர்ச்சில்லுதான் ஊர்ப்பெருங்கணினியிடம் கேட்டுக் கேட்டு நெஞ்சை அசைக்கிறது. ஆனால் "மூச்சு" என்று கேட்டால் கணினிக்குப் புரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் வாசல் எண்கள். நமக்கோ எண் எங்கே நினைவில் நிற்கிறது? அதனால் ஒவ்வொரு சில்லுக்குள்ளும் ஒரு வாசல்பட்டியல்: மூச்சு என்றால் 610. சில்லு அதைப் பார்த்து அந்த வாசலைத் தட்டும். உள்ளே இருப்பது யார் என்று விசாரிக்காது, கொடுத்ததை வாங்கிக்கொள்ளும்.

இன்று பன்னிரண்டு மணிக்கு மூச்சு 7200-க்கு மாறியது. காலியான 610, புதிதாக வந்த தூக்கச் சேவைக்குப் போனது. கையெழுத்துப் போட்ட பட்டியல் அதிகாரி வேறு யாருமில்லை, ரோஸ்லின்தான். புதிய சில்லுகள் தாமாகவே மாறிக்கொண்டன. பழையவற்றில் கையால் எழுத வேண்டும். டிக்சனுக்குக் காலையில் அவளே எழுதினாள்.

பட்டியல் அலுவலகத்தில் இருந்த உதவியாளன் பிரிட்டோவை அழைத்தாள். "ஏலே பிரிட்டோ, அத்தான் மூச்சு விடல. சில்லு இன்னும் பழைய வாசலத்தான் தட்டுது. 610-ல இருக்க தூக்கத்த உடனே கிளப்பிட்டு மூச்ச மறுபடி அங்க வை."

"மேல அனுமதி வாங்கணும்க்கா. அரைமணி ஆவும்."

மூச்சு நின்றால் சில்லிலுள்ள பிராணவாயுச் சேமிப்பு பத்து நிமிடம்தான் உயிரைத் தாங்கும். டிக்சனின் சில்லுப் பட்டியலைத் திறந்தாள். கடைசி வரியில் அவள் எழுதியது இருந்தது: மூச்சு, 7200. மேலே போனாள். மூச்சு, 610 அங்கேயே உட்கார்ந்திருந்தது. பட்டியல் அலுவலகத்தில் பழைய வரியை யாரும் அழிப்பதில்லை, புதியதை அடியில் சேர்ப்பதே வழக்கம். மனிதர்கள் கடைசியாக எழுதியதை நம்புவார்கள். சில்லு மேலிருந்து படித்து, பெயரை முதலில் கண்ட இடத்திலேயே நின்றுவிடும். பாவி, இது எனக்குத் தோன்றாமல் போயிற்றே என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

மேல்வரியை அழித்தாள். டிக்சனின் நெஞ்சு விம்மி ஏறியது, இறங்கியது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அழுகை பாதியில் நின்றது. "பிரிட்டோ, பழைய சில்லு வச்சிருக்கவுக எத்தன பேரு?"

"நானூத்திப் பன்னெண்டு பேருக்கா. எல்லாரும் நீங்க அனுப்புன சுற்றறிக்கைப்படியே அடியில எழுதிட்டாவ."

"எல்லா வீட்டுக்கும் பேசு. மேல இருக்க வரிய அழிக்கச் சொல்லு."

ஆறு நிமிடம் மீதி இருந்தது. அவளும் வரிசையாக அழைத்தாள். மூன்றாவது வீட்டில் ஒரு பெண் எடுத்து, ரோஸ்லின் வாயைத் திறக்குமுன் கிசுகிசுத்தாள்:

"மெதுவாப் பேசுங்க. எத்தனையோ வருசம் கழிச்சு எங்கப்பா இன்னைக்குத்தான் சிரிச்சமுகமா அசந்து தூங்குதாவ. சாயங்காலமாக் கூப்பிடுங்க, என்ன?"

வைத்துவிட்டாள்.