படிக்காததாக நிற்காத மெயில்

பெரியநாயக்கன்பாளையத்தில் அந்தப் பம்ப் கம்பெனி வாசலில் சசிதர் பைக்கை நிறுத்தியபோது காலை பதினொரு மணி. சிறு கம்பெனிகளுக்கு மெயில் சர்வர் பார்த்துக் கொடுப்பது அவன் பிழைப்பு. பத்து நாளைக்கு முன் நடந்த விபத்திலிருந்து ஷெட் பூட்டியே கிடந்தது. மெஷின் எண்ணெய் வாடை மட்டும் ஆபீஸ் வரைக்கும் வந்தது.

முதலாளி அருண்குமார் காட்டியது ஒரே ஒரு மெயிலை. தலைப்பு, மூணாம் நம்பர் பிரஸ். அனுப்பியவர் அப்புசாமி. படிக்காத மெயில் தடித்த எழுத்தில் நிற்க வேண்டும் அல்லவா? இது நிற்கவில்லை. படிக்காததாக மாற்றினால், ஒரு நிமிஷத்தில் எழுத்து மெலிந்து படித்ததாகிவிடுகிறது.

"விபத்த விசாரிக்க மூணு மணிக்கு ஆபீசரம்மா வாராங்க தம்பி. அதுக்குள்ள இது படிக்காததா நிக்கோணும்."

இது ஒரு வேலையா என்று அலட்சியமாக உட்கார்ந்தான் சசிதர்.

எங்கே! முதலாளியின் போன்தான் கெடுக்கிறதென்று அதிலிருந்து கணக்கை எடுத்தான். மெலிந்தது. லேப்டாப்பை அணைத்தான். மெலிந்தது. பாஸ்வேர்டை மாற்றினான், நெட் வயரைப் பிடுங்கினான், சர்வரையே நிறுத்தி எழுப்பினான். சனியன், மறுபடியும் மெலிந்தது. பன்னிரண்டு வருஷமாக இதே வேலை. ஒரு மெயிலை நிறுத்தி வைக்கத் துப்பில்லையா என்று அவனுக்கு அவன்மேலேயே எரிச்சல் மண்டியது. கொண்டுவந்து வைத்த டீ ஆடை கட்டிக் கிடந்தது.

கடைசியில் சர்வரின் லாக் பதிவேட்டைத் திறந்தான். எந்தக் கம்ப்யூட்டர் மெயிலைத் தொட்டாலும் சர்வர் அதில் எழுதி வைக்கும். அத்தனை வரியிலும் ஒரே பெயர்தான் இருந்தது. பிரஸ்-3.

ஆபீஸில் வேலை பார்க்கும் கீதாவைக் கூப்பிட்டுக் கேட்டான். அவள் முதலாளியின் அறைக் கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"ஏனுங்க சார், அது மூணாம் பிரஸ் பக்கத்துல இருந்த சிஸ்டமுங்க. இப்ப ஸ்டோர்ல கெடக்குதுங்க. அதுக்கு கரண்டே இல்லீங்க."

பிறகு மெதுவாக மீதியையும் சொன்னாள். இரும்புத் தகட்டை அழுத்தி வெட்டும் மூணாம் நம்பர் பிரஸ்ஸில் கை உள்ளே போகாமல் தடுக்கும் கம்பிக்கூண்டு உடைந்திருந்தது. இங்கே வாயால் சொன்னால் யாரும் காதில் வாங்குவதில்லை. எதுவானாலும் மெயிலில் போடு என்பார்கள். அந்த பிரஸ்ஸை ஓட்டிய அப்புசாமி, பக்கத்திலிருந்த அந்த சிஸ்டத்தில் ஒற்றை விரலால் அரைமணி நேரம் தட்டி அந்த மெயிலை அனுப்பினார். ஐந்தாம் நாள் பிரஸ் அவரை இழுத்துக்கொண்டது. தனக்கு ஒன்றும் தெரியாது, அவர்தான் கவனமில்லாமல் கையை விட்டார் என்று முதலாளி சாதிக்கிறார். மெயிலை அழிக்கவும் வழியில்லை. அதன் நகல் அப்புசாமியின் சம்சாரம் சாமியாத்தாள் கையில் இருக்கிறது. படிக்காததாக நின்றால் பழி செத்தவர் தலையில் விழும்.

"மெயில் வந்தன்னிக்கே மொதலாளி படிச்சுப்போட்டாருங்க. நாந்தான் பக்கத்துல நின்னேன்."

சசிதர் ஸ்டோருக்குப் போனான். சாக்குக்குக் கீழே கிடந்தது அந்தக் கம்ப்யூட்டர். வயர் சுருட்டிக் கட்டியிருந்தது. கீபோர்டு முழுக்க எண்ணெய்க் கறை.

தொட்டுப் பார்த்தான். வெதுவெதுப்பாக இருந்தது.

எண்ணெய் வாடை முகத்துக்கு நேராக வந்தது, யாரோ குனிந்து நிற்பது மாதிரி.

ஒரு பட்டன் தானாக உள்ளே இறங்கியது.

நிதானமாக, தேடித் தேடி, அடுத்தது இறங்கியது.

திரும்பி வந்தபோது அவனுக்கு முதுகெல்லாம் வேர்த்திருந்தது. அப்போதே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியிருக்கலாம். ஆனால் வாசலை மறித்துக்கொண்டு அருண்குமார் நின்றிருந்தார்.

"முடியலீன்னா சொல்லிப்போடு தம்பி. வேற ஆள் பாத்துக்கறேன்."

அதுதான் சுருக்கென்று தைத்தது. காலையிலிருந்து பட்ட பாடெல்லாம் வீம்பாக ஏறியது. உட்கார்ந்து, முதலாளியின் மெயில் பெட்டியில் யாரும் எந்தக் குறியையும் மாற்ற முடியாதபடி சர்வரில் பூட்டுப் போட்டான். ஐந்து நிமிஷம் கண் இமைக்காமல் பார்த்திருந்தான். எழுத்து தடித்தே நின்றது.

மூன்று மணிக்கு ஆபீசரம்மா வந்தார். திரையைப் பார்த்தார். மெயில் திறக்கப்படவில்லை என்று எழுதிக்கொண்டு போனார். கீதா அதன் பிறகு சசிதர் முகத்தைப் பார்க்கவில்லை.

வெளியே மேட்டுப்பாளையம் ரோட்டில் வெயில் கொளுத்தியது. பைக்கை உதைக்கப் போனவனுக்குப் போன் அதிர்ந்தது.

அனுப்பியவர் அப்புசாமி. தலைப்பு, மூணாம் நம்பர் பிரஸ். தடித்த எழுத்து.

அவன் திறக்கவில்லை. சத்தியமாக விரலைக்கூட வைக்கவில்லை.

எழுத்து மெலிந்தது.

படிக்காததாக மாற்றினான். மெலிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி மாற்றினான். மெலிந்தது.

நான் என்ன செய்ய முடியும், என் வேலையைத்தானே செய்தேன் என்று யாருமில்லாத ரோட்டோரத்தில் வாய்விட்டுச் சொன்னான். அழுகை வந்துவிடும் போலிருந்தது.

அடுத்த மெயில் வந்தது. உள்ளே ஒன்றுமில்லை, தலைப்பில் மட்டும் ஒரு வரி, ஒவ்வொரு எழுத்தாக வந்து விழுந்தது.

"நீங்களும் படிச்சுப்போட்டீங்களாங்க?"