மஞ்சள் துணியில் ஒரு வட்டம்

பட்டறைக்குள் வந்து நின்ற பழைய கார், குளிர்காய்ச்சல் கண்டதுபோல உதறிக்கொண்டிருந்தது. ஓட்டிவந்த பெரியவர் எஞ்சினை அணைத்தார். பின்சீட்டில் அவருடைய மகளும் மருமகனும் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள்.

மருமகன் ஒரு நாள் வண்டியை எடுத்துப்போனாராம். மறுநாளிலிருந்து இந்த நடுக்கமாம். ஓடும்போது ஒன்றுமில்லை, சிக்னலில் நின்றால்தான் உதறல். மெக்கானிக்கிடம் காட்டினாலோ பரமசாது. “எல்லாரும் என்னைத்தான் ஒரு மாதிரி பார்க்கிறாங்க. மாப்பிள்ளை எதையோ பண்ணிவச்சிருக்காரு,” என்று முடித்தார் பெரியவர்.

மகள் அப்பாவிடம் பேசி ஒரு வாரமாகிறது. அதனால் பட்டறைக்காரியிடம் சொன்னாள்: “இன்னிக்கு இதுக்கு ஒரு முடிவு தெரியலைன்னா, நாங்க பிள்ளையைக் கூட்டிக்கிட்டுத் தனிக்குடித்தனம் போறோம். அவர்கிட்ட சொல்லிடுங்க.”

பெரியவரின் முகம் சுருங்கிப்போனது. பேரப்பிள்ளை இல்லாத வீட்டை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

நீள ஸ்க்ரூடிரைவரை எஞ்சின்மேல் ஊன்றிக் காதை வைத்துக் கேட்பதால் பட்டறைக்காரிக்கு டாக்டரம்மா என்று பெயர். அவருடைய கணவர் மெத்தைக் கடை வேலையை உதறிவிட்டு மனைவிக்கு உதவ வந்தவர். ரிப்பேர் பார்ப்பதைவிடக் குற்றவாளியைப் பிடிப்பதில்தான் அவருக்கு அலாதிப் பிரியம். மருமகனைப் பார்த்ததுமே தீர்ப்பு எழுதிவிட்டார்.

பானெட்டைத் திறக்கப் போன கணவரைப் பெரியவர் தடுத்தார். தானே திறந்து, எல்லாருக்கும் முதுகைக் காட்டிக் குனிந்து, ஒரு மஞ்சள் துணியோடு நிமிர்ந்தார். எஞ்சின் கழுவிக் கவிழ்த்த பாத்திரம்போல் பளபளத்தது. மாப்பிள்ளை அன்றைக்கு ஆயில் பார்க்கிறேன் என்று மேலெல்லாம் சொட்டவிட்டதை, தேய்த்துத் தேய்த்துக் கை கழன்றுவிட்டதாம்.

வண்டியைக் கிளப்பினால் துளி நடுக்கமில்லை. எங்கோ காற்று கசிகிறது, மருமகன்தான் ஏதோ குழாயைக் கீறியிருக்கிறார் என்று கணவர் சோப்புத் தண்ணீரை ஒவ்வொரு குழாயின்மேலும் அடித்தார். கசிவிருந்தால் மாறவேண்டிய எஞ்சின் சத்தம் மாறவில்லை. அவர் சட்டைதான் நனைந்தது. விடாமல் மருமகனைக் குறுக்கு விசாரணை செய்யத் தொடங்கினார்.

டாக்டரம்மா கை துடைக்க அந்த மஞ்சள் துணியைக் கேட்டார். விரித்துப் பார்த்தார், துடைக்காமலே திருப்பிக் கொடுத்தார். தெருமுனைவரை போய், வீட்டில் கிளம்பும்போது செய்வதையெல்லாம் ஒன்றுவிடாமல் செய்து, தெருவை ஒரு சுற்று சுற்றி வரும்படி பெரியவரை அனுப்பினார்.

திரும்பிவந்தபோது வண்டி உதறியது. எஞ்சினை அணைக்கவேண்டாம் என்று சொல்லி, இம்முறை டாக்டரம்மாவே பானெட்டைத் தூக்கினார். ஆயில் அளவு பார்க்கும் கம்பியின் கழுத்தில், மஃப்ளர் கட்டியதுபோல் மஞ்சள் துணி. கம்பி அதன் குழாயில் முழுதாக இறங்காமல் தூக்கி நின்றது.

“சொட்டு வெளிய வரக்கூடாதுன்னு சுத்தி வச்சேன்,” என்றார் பெரியவர். “ஆளுங்க பார்க்கும்போது அசிங்கமா இருக்குமேன்னு எடுத்துடுவேன்.”

டாக்டரம்மா துணியை உருவிவிட்டுக் கம்பியைக் கட்டைவிரலால் அழுத்தினார். நடுக்கம் அடங்கியது.

“உள்ள போற காத்தை வாசல்லயே அளந்து, அதுக்கேத்த பெட்ரோல் விடுற வண்டி இது. இந்த இடுக்கு வழியா போற காத்து கணக்குல வராது. வேகத்துல தெரியாது, நின்னா உதறும்,” என்றார். “துடைச்ச துணியில கறை இழுபட்டிருக்கும். இதுல வட்டமா இருந்துச்சு. அப்போ இது எதையோ சுத்தி உட்கார்ந்திருந்த துணி. அதோட, பானெட்டைத் திறந்தா மட்டும் வண்டி சரியாகுதுன்னா, திறக்கிறவர்தானே சரிபண்றாரு?”

கணவர் மருமகனின் தோளிலிருந்து மெல்லக் கையை எடுத்தார்.

பெரியவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. சாவியை மருமகனிடம் நீட்டினார். “தப்பு என்மேலதான் மாப்பிள்ளை. நீங்களே ஓட்டுங்க.” மருமகன் சாவியை வாங்கிக்கொண்டார், மஞ்சள் துணியையும் கேட்டு வாங்கித் தன் பைக்குள் வைத்துக்கொண்டார்.

பட்டறை வாசலில் லாரி ஒன்று போவதற்காகக் கார் நின்றது. பெரியவர் பதறினார்.

“மாப்பிள்ளை, வண்டி ஆஃப் ஆயிடுச்சு.”

பின்சீட்டிலிருந்து மகள் சொன்னாள்: “ஓடிக்கிட்டுதான்ப்பா இருக்கு.”