இடது பெடல்

கை கழுவப் போகும்போது நியூட்ரலில் நின்ற குச்சி, கழுவிவிட்டு வந்தபோது ஒன்றாம் கியரில் நின்றது.

யேசுராஜ் கரித்துணியால் கையைத் துடைத்தபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தான். காலையிலிருந்து இது மூன்றாவது தடவை. மார்கழிப் பனி ஷெட்டுக்குள் வரைக்கும் வந்து, தகரக் கூரையில் தண்ணீராகி, தரையில் கிடந்த ஸ்பேனர்கள் மேல் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. மணி எட்டாகியும் ஓசூர் மெயின் ரோடு எந்தப் பக்கம் இருக்கிறது என்றே தெரியவில்லை, லாரிகளின் ஹாரன் மட்டும் பனிக்குள்ளிருந்து வந்து பனிக்குள்ளேயே போய்க்கொண்டிருந்தது. ஷெட்டில் அவனைத் தவிர ஈ காக்கை கிடையாது.

கரும்பச்சை நிற வண்டி, இரண்டே சீட்டு, மேலே கூரை கிடையாது. ஊருக்குக் கப்பலேறின வெள்ளைக்காரன் ஒருவன் பெங்களூரில் விட்டுப்போனதை ராயக்கோட்டை நாராயணப்பன் வாங்கியிருந்தார். தக்காளித் தோட்டத்துக்கு ரேஸ் கார் என்னத்துக்கு என்று கேட்க யாருக்கும் தைரியமில்லை. நேற்று சாயங்காலம் அவரே ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தினார்.

"ஏம்ப்பா யேசுராஜ், நியூட்ரல்ல வெச்சுட்டு எறங்குனா, திரும்பி வர்றதுக்குள்ள ஒண்ணுல வந்து நிக்குது. வீட்டு வாசல்ல புள்ளைங்க ஆடற எடம்பா. நாளைக்கு மத்தியானத்துக்குள்ள சரி பண்ணு. இல்லாட்டி பெங்களூர்லருந்து ஆள வரவெச்சு, போன வருசம் நடந்ததுலருந்து எல்லாத்தயும் வெலாவாரியா பாக்கச் சொல்லிடறன்."

"ஸ்பிரிங் தளர்ந்திருக்கும்ங்க. இதுக்கு எதுக்குங்க பெங்களூரு?" என்று யேசுராஜ் அவசரமாகச் சிரித்தான்.

போன வருஷம் நடந்ததை யாரும் பார்த்துவிடக் கூடாது. அவனுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அந்த வண்டியின் கியர் சங்கதியே தனி. மற்ற வண்டிகளில் கம்பியைப் பிடித்துத் தள்ளினால் அந்த நொடியே கியர் விழும். இதில் ஸ்டியரிங்குக்குக் கீழே விரல் நீளத்தில் ஒரு குச்சி. அதை வேண்டிய கியருக்கு நகர்த்தி வைத்தால், அது வெறுமனே சொல்லிவைப்பது மட்டும்தான். பிறகு இடது பெடலை அடிவரை மிதித்து, காலை எடுக்க வேண்டும். கால் மேலே வரும்போதுதான் சொன்ன கியர் விழும். மிதிக்கும் வரை குச்சி எங்கே நின்றாலும் சரி, வண்டி பழைய கியரிலேயேதான் கிடக்கும். மிதிப்பதை அரைகுறையாக மிதித்துவிட்டாலோ, பெடல் கழுதை மாதிரி திருப்பி உதைக்கும்.

போன மார்கழியில் அது யேசுராஜின் காலை உதைத்தது. மறுநாள் கங்கப்பனைக் கொன்றது.

வண்டி கொன்றது என்று சொல்லிக்கொள்வது யேசுராஜுக்கு வசதியாக இருந்தது. கங்கப்பன் அவன் கூட்டாளி. இதே ஷெட்டில் ஆறு வருஷம். பாட்டரி செத்துக் கிடந்ததால் முன்னால் ஹேண்டில் போட்டுச் சுற்ற நின்றான். முதுகுக்குப் பின்னால் கல் சுவர். யேசுராஜ் சீட்டில் உட்கார்ந்திருந்தான். "நியூட்ரலா?" என்று கங்கப்பன் கேட்டான். எப்போதும்போல நாலு தடவை கேட்டான். யேசுராஜ் குச்சியை நியூட்ரலுக்கு நகர்த்தினான். முந்தின நாள் உதை வாங்கிய கால் வீங்கி விண்விண்ணென்று தெறித்தது, பெடலை மிதிக்கவில்லை. "நியூட்ரல்தான்டா, சுத்து" என்றான்.

ஜனங்கள் ஓடிவந்தபோது யேசுராஜ் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நின்றிருந்தான். டீ குடிக்கப் போயிருந்தேன், அவன் தனியாகத்தான் ஸ்டார்ட் பண்ணியிருக்கிறான் என்றான். குச்சி நியூட்ரலில் நிற்பதை எல்லோரும் பார்த்தார்கள். நியூட்ரலில் நிற்கிற வண்டி எப்படிப் பாயும்? யாருக்கும் விளங்கவில்லை. குடித்திருப்பான், என்னத்தையாவது செய்திருப்பான் என்று பேசி முடித்தார்கள். பல்வலிக்குக் கன்னத்தில் ஒரு கிராம்பை அடக்கிவைத்திருப்பதைத் தவிர வேறு பழக்கமே இல்லாத மனுஷன். யேசுராஜ் வாயைத் திறக்கவில்லை. அன்றிலிருந்து எந்த வண்டியையும் அவன் சுவரைப் பார்த்து நிறுத்துவதில்லை.

இப்போது குச்சியின் அடிப்பாகத்தைக் கழற்றினான். ஸ்பிரிங் விறைப்பாக இருந்தது; இருந்தாலும் புதுசு போட்டான். கீழே படுத்து, கியர் பெட்டிக்குப் போகிற கம்பியை ஆட்டிப் பார்த்தான், ஆட்டமில்லை. பெட்டியின் மூடியைத் திறந்தான். எண்ணெய் சுத்தம், பல் சுத்தம். ஆனால் மூடியைத் தூக்கியதும் எண்ணெய் நாற்றத்துக்கு மேலே இன்னொரு வாசனை வந்தது. லேசாக, காரமாக. கிராம்பு.

மூடியை அவசரமாக மாட்டி முறுக்கினான்.

ரோட்டில் ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, வண்டியைக் கையாலேயே வெட்டவெளியைப் பார்க்கத் தள்ளிவைத்து, பெடலை மூன்று தடவை மிதித்து நியூட்ரலை உறுதி செய்து, பனியில் பாட்டரி மறுபடியும் செத்திருந்ததால் ஹேண்டிலைச் சுற்றினான். கிளம்பிவிட்டது. கிருஷ்ணகிரி ரோட்டில் அரை பர்லாங்கு போயிருக்க மாட்டான், பனிக்குள்ளிருந்து ஒரு கை நீண்டது. பஸ் என்று நினைத்து மறித்திருக்கிறாள். கூடையோடு நின்றது முனிலட்சுமி. கங்கப்பன் பெண்சாதி.

"பஸ்சு ஒண்ணும் வரலீங்ணா. இன்னிக்கு அவருக்கு வருசம். குருபரப்பள்ளில மாமனார் ஊட்ல படையலு." வண்டியை அடையாளம் கண்டுகொண்டாள். கூடையை இடுப்போடு அணைத்துக்கொண்டாள். ஆனாலும் நகரவில்லை. "அந்தப் பக்கந்தான போறீங்க?"

யேசுராஜ் கதவைத் திறந்துவிட்டான். அவள் ஏறி, தேங்காயும் வாழைப்பழமும் வைத்த கூடையைச் சீட்டுகளுக்கு நடுவில் இருத்திக்கொண்டு, கதவோரம் ஒடுங்கி உட்கார்ந்தாள். கைம்பெண்ணைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போனால் ஊர் சும்மா இருக்காதுதான். அந்தப் பனியில் ஊரே இல்லை.

சூளகிரி தாண்டியது. புளியமரங்கள் ஒவ்வொன்றாகப் பனிக்குள்ளிருந்து வெளியே வந்து, இவர்களைப் பார்த்துவிட்டு உள்ளே போயின. பிறகு மெதுவாகச் சொன்னாள்:

"குடிச்சுட்டுச் செத்தவனுக்கு என்னா படையலுன்னு மாமனார் கேக்கறாருங்ணா. என் புள்ளயக்கூட குடிகாரன் மகன்னுதான் கூப்புடறாங்க. நீங்க ஒரே ஒரு நாளு வந்து, அவரு குடிக்கற ஆளு இல்லன்னு ஒரு வார்த்த சொன்னா போதும்."

"சொல்லலாம்மா. பாக்கலாம்."

"அன்னிக்கு வண்டில யாருமே இல்லீங்களா?"

"யாரும் இல்ல."

அவள் தலையாட்டினாள். கொஞ்ச தூரம் போனதும் மூக்கை உறிஞ்சினாள். "கிராம்பு வாசன வருதுங்ணா" என்றாள். யேசுராஜ் வேகத்தைக் கூட்டினான்.

மேலுமலை இறக்கத்தில் பனி இன்னும் அடர்த்தி. இரண்டு பக்கமும் குடைந்த பாறை. ரேடியேட்டர் மூடிக்கு அப்பால் வெறும் வெள்ளை. வண்டி மூன்றாம் கியரில் இருந்தது. குச்சியைப் பார்க்கக் கூடாது என்று நினைத்தான். பார்த்தான். அது மூன்றிலிருந்து இரண்டுக்கு வந்து, இரண்டிலிருந்து ஒன்றுக்கு, யாரோ விரலால் தள்ளுகிற மாதிரி, நிதானமாக நகர்ந்துகொண்டிருந்தது.

மிதிக்காத வரைக்கும் ஒன்றும் ஆகாது. மிதிக்காத வரைக்கும். வளைவு வந்தது, இரண்டுக்கு மாற்றியே ஆக வேண்டும். குச்சியை இரண்டுக்கு இழுத்து, இடது காலை வைத்தான். பாதி மிதிப்பில் குச்சி விரலை விட்டு நழுவியது. கால் தயங்கியது. பெடல் உதைத்தது.

"மாதாவே!" என்று அலறினான். ஸ்டியரிங் கையை விட்டுப் போனது. வண்டி ரோட்டோரம் சரிந்து, இரண்டு முழ தூரத்தில் பாறையைப் பார்த்தபடி நின்று அணைந்தது.

அமைதி. பாறையில் தண்ணீர் கசியும் சத்தம். மேலே எங்கோ லாரி ஹாரன்.

வண்டி ரோட்டில் பாதியை அடைத்திருந்தது. பின்னால் தள்ளலாமென்றால் மேடு. லாரி இறங்கி வருவதற்குள் கிளப்ப வேண்டும். கிளப்ப வேண்டுமென்றால் பாறைக்கும் வண்டிக்கும் நடுவில் நின்றுதான் சுற்ற வேண்டும். யேசுராஜ் குச்சியை நியூட்ரலில் வைத்தான். வலிக்கிற காலோடு மற்ற காலையும் சேர்த்து மிதித்தான். ஒரு தடவை. இரண்டு. மூன்று. ஹேண்ட்பிரேக்கைக் கடைசிப் பல் வரை இழுத்தான்.

"நீ எறங்கிக்கம்மா."

"குச்சி நவுருதுங்ணா, பாருங்க." முனிலட்சுமி எட்டி அதைப் பிடித்துக்கொண்டாள். "நான் புடிச்சுக்கறன். நீங்க சுத்துங்க."

போய் நின்றான். பாறையின் ஈரம் சட்டைக்குள் இறங்கியது. கழுத்தில் கிடந்த, மாதா படம் தைத்த உத்தரியத்தைத் தொட்டுக்கொண்டு குனிந்தான். தன் வாய் கேட்பதைத் தானே கேட்டான்.

"நியூட்ரலா?"

"நீங்க வெச்ச எடத்துலயேதான் இருக்குங்ணா."

நாலாவது சுற்றில் என்ஜின் பிடித்தது. ஹேண்டிலை உருவினான். ஒதுங்க ஒரு எட்டு எடுத்து வைத்தான்.

டிக்.

ஹேண்ட்பிரேக்கின் பல். டிக். டிக். ஒவ்வொன்றாக விட்டது. வண்டி மெல்ல, மிக மெல்ல, இறக்கத்தில் உருண்டு வந்து பம்பரை அவன் முழங்காலில் வைத்தது. வலிக்கவில்லை. முதுகில் பாறை. காலை உருவ முடியவில்லை. அவ்வளவுதான்.

"முனிலட்சுமி, பயப்படாத. குச்சிய அந்தக் கடைசி எழுத்துக்குத் தள்ளு. ரிவர்சு."

"தள்ளிட்டங்ணா."

"இப்ப எட்டி, என் சீட்டுப் பக்கம் இடது பெடல மிதி. அடிவரைக்கும்."

"தள்ளுனா போதாதுங்களா?"

"போதாதும்மா. குச்சி சும்மா சொல்றதுக்குத்தான். மிதிச்சாத்தான் விழும்."

தாழ்ந்த கண்ணாடிக்குப் பின்னால் அவள் முகம் அசையாமல் நின்றது. என்ஜின் உறுமிக்கொண்டே இருந்தது.

"அன்னிக்குக் குச்சி நியூட்ரல்லதான் நின்னுச்சாம்" என்றாள். "மிதிக்காம வுட்டது யாருங்ணா?"

யேசுராஜ் பம்பரை இரண்டு கையாலும் தள்ளினான், அசையவில்லை. ஒரு வருஷமாகத் தொண்டையில் நின்றது அந்தப் பனியில் அப்படியே கொட்டியது. "நான்தாம்மா. நான்தான் உள்ள உக்காந்திருந்தன். காலு வலி. மிதிக்கல. நியூட்ரல்தான்னு சொன்னன். அவன் என்னை நம்பிச் சுத்துனான். என்னை மன்னிச்சுரும்மா."

"அவரு குடிக்கல."

"சொட்டுக்கூடக் குடிக்கல."

"இத மாமனார்கிட்ட வந்து சொல்வீங்களா?"

"இப்பவே வரன். சத்தியமா வரன். மொதல்ல மிதிம்மா!"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நல்ல மனுஷி. உடனே கூடையைத் தாண்டிக் காலை நீட்டினாள், மிதிக்கத்தான் நீட்டினாள்.

கால் பாதியில் நின்றது. எதன் மேலோ பட்டுவிட்டது போலச் சட்டென்று இழுத்துக்கொண்டாள். பக்கத்துச் சீட்டைப் பார்த்தாள். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தத் தோல் சீட்டு கிறீச்சென்று அமுங்கியது.

கிராம்பு. மூக்கை அடைக்கிற மாதிரி.

முனிலட்சுமி அலறவில்லை. நடுவிலிருந்த கூடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். முந்தானையை இழுத்துத் தோளை மூடினாள். இன்னும் கொஞ்சம் கதவோரம் ஒதுங்கி இடம் விட்டாள்.

"முனிலட்சுமி!"

குச்சி ரிவர்சிலிருந்து கிளம்பியது. நியூட்ரலுக்கு வந்தது. அங்கே நின்றது. ஒரு நொடி. இரண்டு நொடி.

ஒன்றுக்கு வந்தது.

பிறகு, கங்கப்பனோடு இருந்த ஆறு வருஷத்தில் யேசுராஜுக்குப் பழகிய சத்தம். எண்ணெய் போட்ட பெடல், எந்தத் தயக்கமும் இல்லாமல், அடிவரை போய்த் தரையைத் தொடுகிற சத்தம். இனி அது மேலே வருவதுதான் பாக்கி.

முனிலட்சுமி குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். புருஷனைப் பற்றி மற்றவர்களிடம் பேசும்போது வருகிற அதே அடக்கமான குரலில் சொன்னாள்:

"மிதிச்சுட்டாருங்ணா."