கழுத்து மட்டம்

தனத்தின் தலையிலிருந்த கனகாம்பரச் சரம் நறுக்கப்பட்டிருந்தது. அறுந்திருந்தால் நார் பிய்ந்து தொங்கும். இது அப்படியில்லை. கத்தியை வைத்து ஒரே இழுப்பில் வெட்டியதுபோல் காம்புகள்கூடச் சமமாகத் துண்டுபட்டு, மேல்பாதி எங்கோ போயிருந்தது. சாலையோரப் பருத்திக் கொல்லைக்குள் விழுந்து கிடந்தவள் தலையைத் தடவியபோது அதைத்தான் முதலில் உணர்ந்தாள். முழங்கைச் சிராய்ப்பிலிருந்து ரத்தம் வழிவதை அப்புறந்தான் பார்த்தாள்.

"கழுத்து இருக்கா பாரு" என்றான் அவள் புருஷன் கண்ணையன்.

அவன் கேலி செய்யவில்லை. சரிந்து கிடந்த மோட்டார் சைக்கிளுக்கு அருகே முட்டிபோட்டு, தன் கழுத்தையும் இரண்டு கையாலும் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கண்ணையன் பர்மா சண்டையில் ராணுவத்துக்குத் தபால் கொண்டுபோன மோட்டார் சைக்கிள்காரன். சண்டை முடிந்து ஊர் திரும்பியதும் திருச்சியில் ராணுவம் கழித்துப்போட்ட வண்டி ஒன்றை ஏலத்தில் எடுத்து வந்தான். அறுவடைக்குக்கூடப் போகாமல் மாட்டுக்கொட்டகையிலேயே உட்கார்ந்து அதைப் பிரித்தான், கழுவினான், பூட்டினான். அது ஓடத் தொடங்கியதும் தனத்தைப் பின்னால் ஏற்றிக்கொண்டு குன்னத்திலிருந்து அரியலூருக்கு, அவள் தாய் வீட்டுக்குக் கிளம்பினான். வழியில் ஓடைப் பாலத்தைத் தாண்டினால் சாலைக்கு இருபுறமும் இரண்டு இலுப்பை மரங்கள். அவற்றை நெருங்கும்போது அவன் திடீரென்று டேங்கின்மேல் கவிழ்ந்து, ஒரு கையைப் பின்னால் வீசி அவள் தலையை அமுக்கினான். வண்டி சறுக்கியது.

"என்னங்க ஆச்சு?"

"கம்பி."

அவன் காட்டிய இடத்தில், மரத்துக்கும் மரத்துக்கும் நடுவே, சாயங்கால வெயில் மட்டும் இருந்தது. உதிர்ந்து புளித்த இலுப்பைப் பூக்களின் இனிப்பு நாற்றம் தொண்டையில் படிந்தது.

"பர்மாவுல ரோட்டுக்குக் குறுக்க கட்டிடுவானுங்க. கழுத்து மட்டத்துல. வேகமா வர்றவன் கண்ணுக்குத் தெரியாது."

"இது குன்னங்க. இங்க யாரு கட்டப்போறா?"

அவன் டேங்கில் அப்பியிருந்த மண்ணைத் துண்டால் துடைத்தான்.

முன்சக்கரத்தைத் தாங்கும் இரும்பு வளைந்திருந்தது. வேம்பு ஆசாரியின் பட்டறைக்கு வண்டியைக் கொண்டுபோனார்கள். தனம் துருத்தி மிதித்தாள். இரும்பு பழுத்துச் சிவக்க, அடிமேல் அடி விழுந்து அது நிமிர்ந்தது. அதன்பிறகு கண்ணையன் தடித்த இரும்புப் பட்டை ஒன்றை எடுத்துக் கொடுத்தான். வண்டியின் முகப்பில், ஓட்டுகிறவன் தலைக்குமேல் ஒரு சாண் உயரத்துக்கு அது செங்குத்தாக நிற்க வேண்டும். நுனி கொக்கிபோல் முன்பக்கம் வளைய வேண்டும்.

"இது என்னத்துக்குத் தம்பி? கொடி கட்டவா?" என்றார் வேம்பு.

"கம்பி வந்தா அறுக்குறதுக்கு."

வேம்பு தனத்தைப் பார்த்தார். அவள் தலைகுனிந்துகொண்டாள். சண்டை அவன் புத்தியைக் கொஞ்சம் கலைத்து அனுப்பியிருக்கிறது, அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டாள். அதோடு வாழ்ந்துவிடலாம். பூச்சரம் பருத்திக் குச்சியில் சிக்கி அறுந்திருக்கும்.

பங்குனி உத்திரத்துக்கு மறுநாள் அதே வழியாக மறுபடியும் போனார்கள். பாலம் வந்தது. வண்டியின் தடதடப்புக்கு அடியில் இன்னொரு சத்தம் கேட்டது; வெண்கலப் பானையின் விளிம்பில் ஆணியை வைத்து இழுப்பதுபோல் மெல்லியதாக, நீளமாக, பல்லின் வேர்வரை இறங்கிக் கூசவைக்கும் சத்தம். இரும்புப் பட்டை அதிர்ந்தது. ஏதோ ஒன்று விசிலடித்துக்கொண்டு அவள் தலைக்குமேல் போனது. காற்று இரண்டாகப் பிளந்து மூடியது. கண்ணையன் சிரித்தான். ஊர் திரும்பியதிலிருந்து அவன் சிரித்து அவள் பார்த்ததில்லை.

பின்னால் ஒரு மாடு அலறியது.

தனம் திரும்பிப் பார்த்தாள். அவர்கள் சற்றுமுன் முந்திவந்த பிச்சைமுத்துவின் பார வண்டி இலுப்பை மரங்களுக்கு நடுவே நின்றது. வலத்து மாட்டுக்குக் கொம்புகள் இல்லை. இரண்டும் அடியோடு போய், அந்த இடத்திலிருந்து ரத்தம் மேல்நோக்கிப் பீறிட்டு அதன் கண்களை மூடியது. மாடு தலையை உதற உதற, பூட்டியிருந்த இன்னொரு மாட்டின் வெள்ளை உடம்பெல்லாம் சிவந்தது. பிச்சைமுத்து ஒரு கொம்பைக் கையில் வைத்துக்கொண்டு, அதை எங்கே வைப்பதென்று தெரியாதவன்போல் நின்றான்.

தாய் வீட்டு வாசலில் இறங்கியதும் பட்டையைத் தொட்டுப் பார்த்தாள். கழுத்து உயரத்தில் புதிதாக ஒரு வெட்டு, பளபளவென்று. இன்னும் சூடாக இருந்தது.

"நம்மள விட்டுட்டு, பின்னால வந்தத வெட்டிருச்சுங்க."

"பின்னால வர்றவனும் ஒரு பட்டை மாட்டிக்கட்டும்" என்றான் கண்ணையன். வெட்டின்மேல் விரலால் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தான்.

அதன்பிறகு அவள் அந்த வண்டியில் ஏறவில்லை, தம்பி அங்கமுத்து அரியலூரிலிருந்து சைக்கிளில் வந்து நிற்கும்வரை.

"அம்மாவுக்கு மூச்சு எளைக்குதுக்கா. ஒன்னயேதான் கேக்குது."

கரிப்புகையில் ஓடும் அரியலூர் பஸ் அன்றைக்கு வரவில்லை. "நான் ஒன் சைக்கிள்லயே வரேன்டா" என்றாள் தனம்.

"பின் டயருல காத்து நிக்க மாட்டேங்குதுக்கா. ரெண்டு பேரத் தாங்காது."

"மோட்டார வச்சுக்கிட்டு சைக்கிள்ல போறாளாம்" என்று கண்ணையன் வண்டியை உதைத்தான்.

தனம் தம்பியை வேலியோரம் இழுத்துப்போனாள். "நீ முன்னால போயிடு. பாலத்தத் தாண்டிப் போயிடு. எங்களுக்குப் பின்னால மட்டும் வராத."

"ஏன்க்கா?"

"சொன்னாக் கேளுடா."

அவன் சிரித்துக்கொண்டே போனான். அவள் புடவை மாற்றினாள். மாட்டுக்குத் தண்ணீர் காட்டினாள். பூட்டிய கதவைத் திறந்து மறுபடியும் பூட்டினாள். கண்ணையன் கத்திய பிறகுதான் ஏறினாள். இந்நேரம் தாண்டியிருப்பான். வெயில் உச்சியில் நின்றது. கரிசல் மண் வெடித்துக் கிடந்த கொல்லைகளில் ஆள் நடமாட்டம் இல்லை. தாண்டியிருப்பான் என்று தாய் பெயரையும் சாமி பெயரையும் சேர்த்துச் சேர்த்து முனகிக்கொண்டே வந்தாள்.

பாலத்துக்கு இந்தப் பக்கம், வேப்பமர நிழலில், அங்கமுத்து குனிந்து டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தான்.

வண்டி அவனைக் கடந்தது.

"நிறுத்துங்க."

கண்ணையனுக்குக் கேட்கவில்லை. அவன் முதுகில் குத்தினாள். சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவன் வேகத்தைக் கூட்டினான்.

அவள் திரும்பினாள். அங்கமுத்து சைக்கிளில் தாவி ஏறிவிட்டிருந்தான். இரண்டு கையையும் தூக்கி ஆட்டினாள். வராதே. நில்லு. நில்லுடா. அவள் கூப்பிடுவதாக நினைத்தான். பெடலில் எழுந்து நின்று மிதித்தான். தலை இன்னும் உயர்ந்தது.

பாலம்.

புளித்த இனிப்பு நாற்றம்.

"குனி" என்றான் கண்ணையன்.

அவள் குனியவில்லை. பின்னாலேயே பார்த்தாள். ஆணி இழுபடும் அந்தச் சத்தம். பட்டை அதிர்ந்தது. விசில். அவள் நெற்றிக்குமேல் முடி பறந்து போனது.

"அக்கா, நில்—"

அவ்வளவுதான்.

வண்டி கொஞ்சதூரம் தள்ளி நின்றது. கண்ணையன் இறங்கி முன்பக்கம் போனான். பட்டையில் விழுந்த வெட்டைக் கட்டைவிரலால் தடவினான். "தாங்கிருச்சு" என்றான். அவன் திரும்பிப் பார்க்கவே இல்லை.

மரங்களுக்கு நடுவே, உதிர்ந்த பூக்களின்மேல், ஏதோ ஒன்று உருண்டு நின்றது. அதன் வாய் திறந்திருந்தது.

சைக்கிள் விழவில்லை.

அது வந்துகொண்டிருந்தது. நேராக, சாலையின் இடது ஓரமாக. கால்கள் மிதித்தன. வெள்ளைச் சட்டை தோளிலிருந்து கீழ்நோக்கி நனைந்துகொண்டே வந்தது. கழுத்துப்பட்டிக்கு மேலே வேப்பமரம் தெரிந்தது, வானம் தெரிந்தது. சைக்கிள் நெருங்கியது. பிரேக் பிடித்தது. அவளுக்குப் பக்கத்தில், கை நீட்டினால் தொடும் தூரத்தில், ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்றது.

ஹேண்டில்பாரில் இருந்த கட்டைவிரல் அசைந்தது. மணி அடித்தது. நின்றது. அவள் பதில் சொல்லக் காத்திருப்பதுபோல் கொஞ்சநேரம் சும்மா இருந்தது. மறுபடியும் அடித்தது.