வச்சிரட்டுமா?

பெட்டியைப் பிரித்து எடுத்தபோதே அந்த செல்போன் சூடாக இருந்தது. வெயிலில் வந்த சூடு இல்லை; அப்படியென்றால் பெட்டியும் சுட்டிருக்கும், பெட்டி சில்லென்றுதான் இருந்தது. வெகுநேரம் பேசிவிட்டு ஒருவர் கைமாற்றிக் கொடுக்கும் செல்லில் கன்னத்து ஈரத்தோடு ஒரு சூடு ஒட்டியிருக்குமே, அந்தச் சூடு. கார்த்திகேசன் அதைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். கம்பெனியில் சோதித்துப் பார்த்து அனுப்பியிருப்பார்கள் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். சமாதானம் சொல்வதில் அவன் கெட்டிக்காரன்.

கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டை ஒட்டிய சந்தில் ஒரு கட்டில் போட்டால் நிறைந்துவிடும் கடைதான் அவனுடையது. ஆனாலும் அதற்கு ஊரில் ஒரு பேர் இருந்தது. எந்த மாடல் வந்தாலும் ஒரு வாரம் தானே வைத்துப் பேசிப் பார்ப்பான். நல்லதை நல்லது என்றும் மட்டத்தை மட்டம் என்றும் சொல்லித்தான் விற்பான். தீப்பெட்டி ஆபீஸ் முதலாளிகள்கூட அவனை ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டுதான் செல்லை மாற்றுவார்கள். இரண்டாயிரத்து ஏழாம் வருசம். மாசத்துக்கு ஒரு மாடல் வந்து இறங்கிய காலம். அவனுக்குச் சோற்றைவிட அதில்தான் ருசி.

இந்த செல்லைக் குறை சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. முகம் முழுக்க ஒரே கருப்புக் கண்ணாடி, நடுவில் ஒரு கோடோ திருகாணியோ கிடையாது. கட்டைவிரலால் மேலே தள்ளினால் சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு ஏறி, கடைசியில் மட்டும் யாரோ நாக்கைத் தட்டிக்கொள்வதுபோல ‘ச்’ என்று ஒரு சின்ன ஓசையோடு நின்று, கீழே பட்டன்கள் வரிசையாகச் சிவந்து எரிந்தன. கரிசல் காற்று கிளம்பிவிட்டால் இந்த ஊரில் டீ கிளாஸ், கல்லாப்பெட்டி, கண்ணிமை என்று தூசி ஏறாத இடமில்லை; அந்தக் கண்ணாடியில் மட்டும் ஏறவில்லை. மற்ற செல்கள் வைப்ரேட் ஆகும்போது மேசைமேல் வண்டு மாதிரி உறுமும். இது உறுமவில்லை. உள்ளேயிருந்து மெத்தென்று ஒரு தட்டு. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. இப்படி ஒரு வைப்ரேஷனை அவன் பார்த்ததே இல்லை.

அவன் மனைவி யோகலட்சுமி அப்போது எட்டு மாசம். வளைகாப்பு முடிந்து எப்போதும்வென்றான் கிராமத்தில் தாய்வீட்டில் இருந்தாள். ஆறு வருசம் கோயில் கோயிலாக ஏறி இறங்கித் தரித்த பிள்ளை. அவளைக் காரில் ஏற்றிவிட்ட அன்று அவன் கையை எடுத்துத் தன் வயிற்றில் வைத்தாள். சேலைக்கு அடியில் ஒரு சின்னக் குதிகால் அவன் உள்ளங்கையில் முட்டிவிட்டு ஓடியது. அன்றிலிருந்து அவனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. கடையில் உட்கார்ந்திருக்கும்போதே உள்ளங்கையை விரித்து விரித்துப் பார்த்துக்கொள்வான்.

அன்றைக்குச் சாயங்காலம் புது செல்லில் அவளோடு பேசினான். பழைய செல்லில் அவள் குரல் பாதி வரும், பாதி காற்றோடு போகும். இதில் அவளுடைய வளையல்கள் ஒன்றோடொன்று உரசுவதும், வீட்டுக்குப் பின்னால் பட்டியில் ஆட்டின் கழுத்துமணி ஒற்றையாக அசைவதும், அவள் எச்சில் விழுங்குவதும்கூடத் தனித்தனியாகக் கேட்டன. அவள் மூச்சு விட்டால், கொஞ்சம் பிந்தி, அதே மூச்சு இன்னொரு தரம் கேட்டது. எதிரொலி என்று நினைத்தான்.

“பக்கத்துல உக்காந்து பேசுத மாதிரி இருக்குட்டி” என்றான்.

“எனக்கு என்னமோ நீங்க கெணத்துக்குள்ள நின்னு பேசுத மாதிரி இருக்கு” என்றாள் அவள். “உங்க பிள்ள இன்னைக்கு என்னைய ஒறங்கவே விடல. ஒரே உதை.”

“என்னைய மாதிரி. ஒரு எடத்துல இருக்காது.”

அவள் சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும் “வச்சிரட்டுமா?” என்று குரல் வந்தது.

“ம், வச்சிரு” என்றான்.

இந்தப் பக்கத்தில் எந்தப் போன் பேச்சும் அப்படித்தான் முடியும். கேட்பவர் யோசித்துக் கேட்பதில்லை, சொல்பவரும் யோசித்துச் சொல்வதில்லை. லைன் அறுந்த சத்தம் வரவில்லை என்பதை மட்டும் அவன் கவனித்தான். கண்ணாடியில் அவன் காது பட்ட இடம் ஈரமாக இருந்தது.

மறுநாள் அவள் எடுத்ததும் குறைப்பட்டாள். “நேத்து பாதிப் பேச்சுல கட் ஆயிட்டு. நீங்க அந்தப் பழைய செல்லுலயே பேசுங்களேன்.”

“மூடும்போது கைபட்டிருக்கும். பழகிருவேன்” என்றான். அந்தக் கண்ணாடியைக் கன்னத்திலிருந்து எடுக்க அவனுக்கு மனசில்லை, அதுதான் உண்மை. “பிள்ள என்ன செய்யுது?”

“காலையிலேர்ந்து அடங்கிக் கெடக்கு. வெயிலுக்கு அதுக்கும் அசதியா இருக்கும்.”

அதற்குப் பிறகும் என்னென்னவோ பேசினார்கள். கடைசியில் “வச்சிரட்டுமா?” என்று வந்தது. வச்சிரு என்றான்.

அன்று படுக்கையில் தலைமாட்டில் வைத்திருந்த செல் யாரும் கூப்பிடாமலே தட்டிக்கொண்டிருந்தது. எடுத்துப் பார்த்தான், அழைப்பு இல்லை, மெசேஜ் இல்லை. சாப்ட்வேர் கோளாறு, கேட்கிறவர்களிடம் இதைச் சொல்லியாக வேண்டும் என்று நினைத்துக்கொண்டான். இன்னொன்றும் மனதில் பட்டது. வாங்கியதிலிருந்து ஒரு தரம்கூடச் சார்ஜ் போடவில்லை, ஒரு கோடுகூட இறங்கவில்லை. எதைத் தின்று இது உயிரோடு இருக்கிறது? நினைத்த பிறகு தூக்கம் வரவில்லை.

எதிர்க்கடை பூவனலிங்கம் அண்ணாச்சி கடலைமிட்டாய் போடுகிறவர். மறுநாள் மத்தியானம், பாகு கொதிக்கும் வாடை சந்து முழுக்க நிற்கும் நேரத்தில், கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு புது செல்லைப் பார்க்க வந்தார். தள்ளிப் பார்த்தார், தூக்கிப் பார்த்தார், காதில் வைத்துப் பார்த்தார். முகம் சுருங்கியது. சட்டென்று செல்லை நீட்டினார்.

“லைன்ல ஆளு இருக்குய்யா. பேசி முடிச்சிட்டுக் குடுக்கக் கூடாதா?”

“நான் யாருக்கும் போடல அண்ணாச்சி.”

“பொம்பளக் கொரலு. வச்சிரட்டுமா, வச்சிரட்டுமான்னு கேக்கு. உங்க வீட்டுப் பேச்சுக்கு நான் என்ன பதில் சொல்ல?”

கார்த்திகேசன் வாங்கிக் காதில் வைத்தான். ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை என்றும் சொல்ல முடியாது. பக்கத்து அறையில் யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றால் சுவருக்கு இந்தப் பக்கம் தெரியுமே, அப்படி இருந்தது. லைன் கலந்திருக்கும் அண்ணாச்சி என்றான். அண்ணாச்சி கடைக்குப் போனார். போனவர் ஒரு தரம் திரும்பிப் பார்த்தார்.

பழைய செல்லில் பேசுவோமா என்று அன்று சாயங்காலம் நினைக்கத்தான் செய்தான். எடுத்தும் பார்த்தான். அழுக்கேறிய ரப்பர் பட்டன், மங்கிய முகம். திரும்ப மேசைக்குள் போட்டுவிட்டான்.

“பிள்ள அசையக் காணும்ங்க” என்றாள் யோகலட்சுமி. “அம்ம சர்க்கரத் தண்ணி குடிச்சிப் பாக்கச் சொல்லுதா. குடிச்சேன். ஒண்ணையும் காணும்.”

“பயப்படாத. காலைல டாக்டரம்மாட்ட போயிரலாம்” என்றான். அவன் குரலே அவனுக்குப் பிடிக்கவில்லை.

அவள் அழுதாள். இரண்டு பேர் அழுவதுபோலக் கேட்டது. அழுகை நின்றது. “வச்சிரட்டுமா?”

“வச்சிரு” என்றான்.

காலையில் டாக்டரம்மா பார்த்தார். துடிப்பு ரொம்பச் சன்னமாகக் கேட்கிறது, சாயங்காலம் ஸ்கேன் எடுப்போம், வந்துவிடுங்கள் என்றாராம். மாமியார் கடை லேண்ட்லைனில் கூப்பிட்டுச் சொன்னார். கடையை அடைத்துவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போவதாக இருந்தான். அடைக்கத்தான் முடியவில்லை. சாவியை எடுத்தான், வைத்தான், ரோட்டைப் பார்த்தான், தண்ணீர் குடித்தான். வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. மேசைமேல் அந்த செல் கிடந்தது. தட்டிக்கொண்டிருந்தது. நேற்றைவிடப் பலமாக.

கடையின் லேண்ட்லைன் அடித்தது. பதறிப்போய் எடுத்தான். யோகலட்சுமிதான்.

“என்னங்க, உங்க செல்லுக்கு அடிச்சா யாரோ எடுக்காவ. பேச மாட்டேங்காவ. மூச்சு மட்டும் கேக்கு.”

அவன் செல்லைப் பார்த்தான். அது ஒரு தரம்கூட மணி அடிக்கவில்லை.

“யோகா, நான் ஒண்ணு கேக்கேன். தெனமும் கடைசியில நீதான வச்சிரட்டுமான்னு கேட்ட?”

“நானா? நான் எங்க கேட்டேன்? நான் பேசிக்கிட்டே இருப்பேன், லைனு அந்து போகும். நேத்து அழுதுகிட்டே கெடந்தேன், நீங்க இல்ல.”

வச்சிரு. போனை வை என்றும் பொருள். நீயே வைத்துக்கொள் என்றும் பொருள். யார் கேட்டார்கள், எதைக் கேட்டார்கள் என்று ஒரு நாளாவது யோசித்தானா? மூன்று தரம் சொல்லியிருக்கிறான். தன் வாயால்.

கரண்ட் போனது. சந்து முழுக்க இருட்டு. எதிர்க்கடையில் பாகு தீய்ந்த வாடை. இருட்டில் மேசைமேல் அந்தக் கண்ணாடி மட்டும் சிவந்து தெரிந்தது. ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு செல்லை எடுத்தான். பின்மூடியை நகத்தால் நெம்பினான். பாட்டரியை உருவிச் சட்டைப்பையில் போட்டான். சிவப்பு வெளிச்சம் அணைந்தது. தட்டலும் நின்றது.

அப்பாடா என்றிருந்தது. உண்மையிலேயே அப்படி இருந்தது. வெறும் டப்பா. இனி அதற்கு வாய் கிடையாது.

“என்னங்க, லைன்ல இருக்கீங்களா?”

“இருக்கேன். இருக்கேன்ட்டி. நான் இப்பமே கெளம்பி வாரேன். நீ பதறாத.”

“சரிங்க. ஆட்டோ வந்திட்டு. வச்சிரட்டுமா?”

“ம், வச்சிரு.”

சந்தில் எந்தச் சத்தமும் இல்லை.

“யாருகிட்டங்க பேசுதீங்க?” என்றாள் யோகலட்சுமி, தோளில் இடுக்கியிருந்த ரிசீவரில், கரகரத்துக்கொண்டு, தூரத்திலிருந்து. “ஆட்டோ இன்னும் வரல. நான் ஒண்ணும் கேக்கலியே.”

அவன் வாயைப் பொத்திக்கொண்டான். பொத்தி என்ன.

ரிசீவரில் அவள் “அம்மா” என்றாள். வலியில் கூப்பிட்டது இல்லை. கையிலிருந்ததைக் காணோம் என்று தேடுகிறவள் கூப்பிடுவது.

“அம்மா. வயிறு... என்னமோ லேசா ஆயிட்டும்மா.”

செல் இன்னும் அவன் இடது கையில்தான் இருந்தது. பாட்டரி சட்டைப்பையில். செல் சூடாக இருந்தது. முதல் நாளைவிடச் சூடாக. கனமாக.

கருப்புக் கண்ணாடிக்கு அடியிலிருந்து ஒரு சின்னக் குதிகால் அவன் கட்டைவிரலில் முட்டியது. கண்ணாடி அந்த இடத்தில் மட்டும் புடைத்து எழுந்து, மெல்ல அமுங்கியது.